பால்ச்சாமி தோப்பில் மழை படாத இடம்

அந்த வருடம் தீபாவளியன்று காலையிலிருந்து, சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பால்ச்சாமியின் தென்னந்தோப்பில், ஒரு மினி லாரி நிறுத்துகிற அளவு இடத்தில் மட்டும் மழை பெய்யவில்லை. சுற்றிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. காலையில் கிணற்றடியில் இருந்தது, மதியம் பம்புசெட்டு ரூமுக்குப் பின்னால், சாயங்காலம் மேற்கு வேலியோரம். ஒரு வாரமாக ஊறிக் கிடந்த மண் அது நின்ற இடத்தில் கால் மணி நேரத்தில் காய்ந்து புழுதியானது, அது நகர்ந்ததும் மறுபடி நனைந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவை கோழிகள். அவற்றுக்கு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை, உள்ளே போய் இறகை உதறிக்கொண்டு நின்றன. பிறகு இரண்டு உண்ணிக்கொக்குகள் வந்து, தரையிலிருந்து எட்டடி உயரத்தில், கிளையோ கம்பியோ இல்லாத வெறும் காற்றில் உட்கார்ந்து, அந்த இடம் போகிற பக்கமெல்லாம் அசைந்தபடி கூடவே போயின. கீழே பிறந்து ஏழெட்டு மாதமான ஒரு யானைக்குட்டி நின்றது. அதன் முதுகில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அது என்ன இடம் என்று பால்ச்சாமிக்கும் அவர் மனைவி வெள்ளைத்தாய்க்கும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தக் குட்டியின் தாயை முந்தின நாள்தான் அவர்கள் தோப்புக்குள் புதைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்துத் தோப்புகளில் வேலியில் கரண்டு விடுகிறவர்கள் யாரும் கிடையாது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பால்ச்சாமி தோப்பிலிருந்து காடு தொடங்கும் ஓடை வரைக்கும் பதினான்கு தோப்புகள், பதினான்கு பம்புசெட்டு ரூம்கள், ஒவ்வொன்றிலும் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கம்பு, அதன் நுனியில் ஒரு இரும்புக் கொக்கி. பொழுது சாயும்போது கொக்கியை லைனில் மாட்டிவிடுவார்கள், விடியும்போது தள்ளிவிடுவார்கள். காட்டுப்பன்றிக்காகத்தான். பன்றி ஒரு ராத்திரியில் ஐம்பது தென்னம்பிள்ளைகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும் என்பதும் பொய்யில்லை. அந்த ஐப்பசியில் மழை பிடித்த இரண்டாம் நாள் மூன்று கம்பங்கள் சாய்ந்து, நான்கு நாள் கரண்டு இல்லை. வராத கரண்டுக்குக் கொக்கியை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று பால்ச்சாமி மாட்டினது மாட்டினபடியே விட்டிருந்தார். மழையில் யார் போய் வருவது.

வெள்ளைத்தாய்க்குத் தீபாவளி இட்லிதான் கவலை. இரண்டு தடவை அரிசி ஊறவைத்து இரண்டு தடவையும் புளித்துப்போய் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மூன்றாவது தடவையாக ஊறப்போட்டுவிட்டு, லைன்மேன் ஜெயபாண்டிக்கு விடாமல் போன் அடித்தாள். "ஏலே ஜெயபாண்டி, நீ நல்லாருப்பே, ஒரு ரெண்டு மணி நேரம் விட்டுட்டாவது பொறவு நிப்பாட்டிக்கோயேன்." கம்பத்தின் மேலிருந்தே ஜெயபாண்டி பதில் சொன்னார். "மதினி, போஸ்ட்டு மேலதான் நிக்கேன். நாளைக்குக் காலைல வந்துரும், வையுங்க போன." மறுநாள் காலையில் பால்ச்சாமி துணிமணி எடுக்க ராஜபாளையம் புறப்பட்டார். பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கரண்டு வந்தா மொத வேலையா அந்தக் கொக்கியத் தள்ளிவிட்ரு" என்றார். அவளும் சரி என்றாள். இதை அவள் பின்னால் எல்லாரிடமும் மறைக்காமல் சொன்னாள்.

பத்தே காலுக்குக் கரண்டு வந்தது. வெள்ளைத்தாய் பம்புசெட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். மறுபடி போய்விட்டால் இந்த அரிசியும் போச்சு. ஒரு ஈடு அரைத்துவிட்டுப் போவோம், பட்டப்பகலில் பன்றியா வரப்போகிறது என்று கிரைண்டரைப் போட்டாள். கல் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து மேலே எரிந்த பல்பு மங்கிச் சிவந்தது, கிரைண்டர் முனகியது. மாவு கெட்டியாகிவிட்டது போல என்று அவள் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அப்படியும் கல் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு பல்பு பழையபடி எரிந்தது, கல்லும் வேகம் பிடித்தது. மாவு நன்றாகவே வந்தது. வழித்து எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அவள் தோப்புக்குள் போனாள்.

மழைக்காகத் தோப்புக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் தகரம் தட்டவும் வெடி போடவும் ஆளில்லை. பட்டப்பகலிலேயே ஒரு யானைக் கூட்டம் இறங்கி வந்திருந்தது. இரண்டைத் தவிர மற்றவை மலைக்கு ஓடிவிட்டன. விழுந்து கிடந்த தாயின் துதிக்கையைக் குட்டி தன் துதிக்கையால் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் முதலில் கொக்கியைத் தள்ளினாள். பிறகு சேற்றில் உட்கார்ந்தாள். பால்ச்சாமி வந்து பார்க்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் சோழபுரத்திலிருந்து ஒரு ஜேசிபி வந்தது. பண்ணைக்குட்டை வெட்டுவதாக ஊரில் சொன்னார்கள். அடைமழையில் குட்டை வெட்டுகிற முதல் விவசாயி பால்ச்சாமிதான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஜேசிபி ஓட்டியவருக்கு அன்று கண் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வேலிக் கம்பியை எல்லாம் சுருட்டி, பால்ச்சாமி அன்றைக்கே கிணற்றில் போட்டார். குட்டியை விரட்ட நாலு வெடி போட்டார்கள். மறுநாள் தீபாவளி என்பதால் அந்தச் சத்தத்தையும் யாரும் கவனிக்கவில்லை. குட்டி போனது, வந்தது. மாவை வெள்ளைத்தாய் தென்னை மூட்டில் கொட்டினாள்.

மழை படாத அந்த இடம் அடுத்த நாள் காலையில் குழியின் மேலிருந்து கிளம்பி, நேராகக் குட்டியிடம் போனது. குட்டி துதிக்கையைத் தலைக்கு மேல் மடக்கி, வாயை மேலே தூக்கிச் சப்பியது. ஒன்றும் இல்லாத இடத்தைத்தான் சப்பியது, ஆனாலும் அதன் கடைவாயில் வெள்ளையாக வழிந்தது. கீழே சிந்தியதில் எறும்பு மொய்த்ததை வெள்ளைத்தாய் பார்த்தாள். எறும்பு சும்மா மொய்க்காது. மழை விட்ட நேரங்களில் மட்டும் எல்லாம் போய்விட்டது. கொக்குகள் சட்டென்று உட்கார இடமில்லாமல் சிறகடித்துப் பறந்தன. குட்டி வெறுங்காற்றில் முட்டி முட்டி, கால் மடங்கி விழுந்து கத்தியது. மறுபடி தூற்றல் விழுந்ததும் அந்த இடம் அதன் பக்கத்திலேயே நின்றது. ஆக, மழை இருந்தால் தாய் உண்டு, மழை நின்றால் இல்லை. இது வெள்ளைத்தாய்க்கு மூன்றாம் நாள் விளங்கியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த இடம் தினமும் குட்டியைக் கூட்டிக்கொண்டு மேற்கே போனது. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் கூட்டம் நின்று பிளிறியது தோப்பு வரைக்கும் கேட்டது. ஆனால் அடுத்த தோப்புக்காரர் தவசிமுத்துவின் வேலிக்கு ஒரு அடி முன்னால் அது நின்றுவிடும். கம்பியில் அப்போது கரண்டு இல்லை. இருந்தும் அது தாண்டவில்லை. மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும், மண் காயும், பிறகு திரும்பிவிடும். அது இல்லாமல் குட்டியும் போகவில்லை.

மழை நிற்காதா என்று அந்த ஐப்பசியில் ஊரே ஏங்கியது. கண்மாய்கள் கரை தளும்பி நின்றன, மண் சுவர்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்தன, ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி காயாமல் தறியெல்லாம் நின்றது. மரவட்டை சோற்றுப் பானை வரைக்கும் ஏறியது. மிளா மான்கள் மேட்டைத் தேடிப் பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்து நின்றன. நடமாடும் காய்ந்த இடத்தைப் பற்றி அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும், கரை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் பெரிதாக நேரமில்லை. தாழ்வு நிலை விலகுகிறது என்று போனில் செய்தி வந்ததும் ஊர் மூச்சு விட்டது. வெள்ளைத்தாய் மட்டும் போனை அணைத்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அங்கே பத்து பேர் மழை நிற்க வேண்டும் என்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் பத்து நாளைக்குப் பெய்யட்டும் தாயே என்று உடைத்தாள். அம்மனுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

அவள் தவசிமுத்துவிடம் போய்க் கம்பியை அவிழ்க்கச் சொன்னாள். "அந்தக் குட்டி மேல போவட்டும்ணே. ரெண்டு நாளு, பொறவு கட்டிக்கோங்க."

"கம்பியா? அது மாடு தாண்டாம இருக்கதுக்குக் கட்டுனது தாயி. அவுத்தா பன்னி உள்ள வந்துராதா? நீங்க எதுக்கு ஒங்க கம்பிய அவுத்திய? அதச் சொல்லு மொதல்ல."

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மற்ற தோப்புக்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். பதில் அவர்களுக்கும் தெரியும். தன் ரூமில் கொக்கி வைத்திருக்கிறவனுக்கு அடுத்தவன் தோப்பில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாமலா இருக்கும்? அவள் வாய்விட்டுச் சொன்னால் வனத்துறை வரும், பதினான்கு ரூம்களையும் திறந்து பார்க்கும். அதனால் சொல்லாதவரை எல்லாருக்கும் நல்லது. பால்ச்சாமியின் பயம் வேறு. அவர்கள் மகள் யுவராணி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு தேறி, ராஜபாளையத்தில் தங்கி தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். "வீட்ல கேஸுன்னா அவள எடுப்பானா? வாயத் தொறந்தேன்னா மூணு பேரு வாழ்க்கையும் போச்சு. அது மிருகம்ட்டி" என்றார் பால்ச்சாமி. அவர் சொன்னதில் தப்பு எதுவும் வெள்ளைத்தாய்க்குத் தெரியவில்லை, அதுதான் அவளை அதிகமாக அழவைத்தது.

ஒன்பதாம் நாள் வனத்துறை ரேஞ்சர் கௌதம்ராஜ் ஆட்களோடு வந்தார். சின்ன வயசுக்காரர், எதையும் அளந்து பார்க்காமல் எழுதமாட்டார். குட்டியை மூன்று தடவை மலைப் பக்கம் விரட்டிப் பார்த்தார்கள், மூன்று தடவையும் அது திரும்பி வந்தது. பிறகு அவர் டேப்பை எடுத்து மழை படாத இடத்தை அளந்தார். நீளத்தையும் அகலத்தையும் சுற்றி நடந்து அளந்தார், உயரத்தைக் கொக்குகளை வைத்துக் கணித்தார். எழுதி முடித்துவிட்டு, "முழு வளர்ச்சியான பெண் யானை" என்றார். குட்டியை லாரியில் ஏற்றி யானை முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்று கூட வந்திருந்த கால்நடை டாக்டர் சொன்னார். லாரியில் ஏற்றினால் தாயும் கூட வருமா என்று ரேஞ்சர் கேட்டதும் அவர் குட்டியின் விலாவைப் பார்த்தார். எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மழை சுத்தமாக நின்றால் இரண்டு நாள் தாங்கும் என்றார்.

பதினோராம் நாள் மதியம் மழை மெலிந்தது. மேற்கே மேகம் கிழிந்து மலை தெரிந்தது. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தோப்புக்காரர்கள் எல்லாரும் வேலியோரம் கூடியிருந்தார்கள், ரேஞ்சர் ஜீப்பும் நின்றது. வெள்ளைத்தாய் நேராக ஜீப்பிடம் போனாள்.

"ஐயா, தாய நாந்தான் கொன்னேன். கரண்டு வந்தா கொக்கிய எடுன்னு அவிய சொல்லிட்டுத்தான் போனாவ. நான் மாவு அரைச்சுட்டு எடுப்போம்னு இருந்துட்டேன். அந்தா, அந்தக் குழிக்குள்ள கெடக்கு. என்னயக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முந்தி இந்தக் கம்பிய எல்லாம் அவுக்கச் சொல்லுங்க, அது கம்பியக் கண்டு பயப்படுது."

பால்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொண்டாட்டி இத்தனை சொன்ன பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. அதை அந்த ஊரில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள், சொல்லிக் காட்டுவதும் சரிதான். ரேஞ்சர் மெலிந்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். பிறகு தோப்புக்காரர்களிடம், தான் ஜீப்பில் உட்கார்ந்து அவளிடம் வாக்குமூலம் எழுதப் போவதாகவும், எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றும், நிமிர்ந்து பார்க்கும்போது எங்கே கம்பி இருக்கிறதோ அங்கே போய்ப் பம்புசெட்டு ரூமைத் திறக்கப்போவதாகவும் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஓடை வரைக்கும் ஒரு முழக் கம்பி இல்லை. கிணறுகள்தான் நிரம்பின.

அந்த இடம் தவசிமுத்துவின் எல்லையில் வெகுநேரம் நின்றது. பிறகு தாண்டியது. குட்டி கூடவே ஓடியது, கொக்குகள் ஆடிக்கொண்டே போயின. ஈரத் தரையில் காய்ந்த தடம் ஒன்று தோப்பு தோப்பாக மேற்கே நீண்டது. எல்லாரும் சத்தம் போடாமல் பின்னால் நடந்தார்கள். ஓடையைக் கடந்து சரிவில் பாதி ஏறியதும் மழை நின்றுவிட்டது. பதினோரு நாளாக ஊர் வேண்டிக்கொண்டது அந்த நிமிடம் பலித்தது. கொக்குகள் பறந்தன. குட்டி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. கூட்டம் நின்ற பாறைக்கு இன்னும் மூன்று பர்லாங்கு இருந்தது. வெள்ளைத்தாய் வானத்தைப் பார்த்துக் கைகளை ஏந்தி, "பெய்யி தாயே, பெய்யி" என்று கத்தினாள். அவள் குரல் முன்பின் தெரியாத யாருடைய குரலோ போல இருந்ததாகத் தவசிமுத்து பிறகு சொன்னார்.

அப்போது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. மாமரத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க பால்ச்சாமி ஏறி வந்துகொண்டிருந்தார். குட்டிக்குப் பக்கத்தில் போய்க் குழாயை வானத்தைப் பார்த்துத் தூக்கி விசையை அழுத்தினார். தண்ணீர் பூத்தூறலாக இறங்கியது, இறங்கின இடத்தில் ஒரு பக்கம் தரையைத் தொடவில்லை. ஒரு முதுகின் வளைவு தெரிந்தது, பிறகு ஒரு காதின் ஓரம். மற்றவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் பதினான்கு தோப்பு ஸ்பிரேயர்களும் வந்துவிட்டன. மருந்து வாடை போக ஓடையில் அலசி, தண்ணீர் பிடித்து, பதினாறு லிட்டர் டப்பாக்களை முதுகில் சுமந்துகொண்டு வரிசையாக ஏறினார்கள். ஒருவருடையது தீர்ந்தால் அடுத்தவர் முன்னால் வந்தார். வனக்காவலர்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அப்படி மனிதர்கள் பெய்வித்த மழையில் அந்த இடம் மறுபடி நின்றது, குட்டியை முட்டி எழுப்பியது, பால் கொடுத்தது, நடந்தது. கூட்டம் கீழே வந்து எதிர்கொண்டது. ஒரு கிழட்டு யானை துதிக்கையை நீட்டி அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வழி விட்டது. எல்லாமாகப் பாறைக்குப் பின்னால் போன பிறகுதான் பால்ச்சாமி ஸ்பிரேயரை இறக்கிவைத்தார். "கொக்கி மாட்டுனது நானுங்கய்யா" என்று ரேஞ்சரிடம் சொன்னார்.

மறுநாள் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். உடல் முழுசாக இருந்தது. எலும்பு வரைக்கும் எண்ணி எழுதினார் கௌதம்ராஜ். முந்தின நாள் பார்த்ததையும் விடாமல் எழுதினார்: தாயும் குட்டியும் மாலை ஐந்து இருபதுக்குக் கூட்டத்தில் சேர்ந்தன. கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தபோது மலைமேல் குட்டி தேறிவிட்டதைக் காவலர்கள் பார்த்தார்கள். அந்தக் கூட்டம் வெயில் நாளில் எண்ணினால் எட்டு, மழை நாளில் எண்ணினால் ஒன்பது என்று இப்போதும் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் போட்டு எழுதுகிறார்கள். யுவராணி போலீஸில் சேர்ந்தாள். வீட்டில் கேஸ் இருக்கிறதா என்று கேட்ட இடத்தில் இருக்கிறது என்றே எழுதிக் கொடுத்தாள்.

கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மூன்று வருடம் நடந்தது. கரண்டு வந்த நேரத்தை ஜெயபாண்டி அழுதுகொண்டே சொன்னார். அவர்கள் வக்கீல் கெட்டிக்காரர், ரேஞ்சரின் அறிக்கையை எடுத்து நீட்டினார். தாய் யானை ஐந்து இருபதுக்கு மலையேறியதாக வனத்துறையே எழுதியிருக்கிறது, இன்றைக்கும் எண்ணிக்கையில் வைத்திருக்கிறது. உயிரோடு கணக்கில் இருக்கிற யானையை இந்த அம்மாள் எப்படிக் கொன்றிருக்க முடியும் என்று கேட்டார். கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசு வக்கீல் எலும்புகளைப் பற்றிச் சொன்னார். நீதிபதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீ என்னம்மா சொல்கிறாய் என்று வெள்ளைத்தாயைக் கேட்டார். வக்கீல் சொன்னதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். வக்கீல் கண்ணைக் காட்டினார்.

"ஐயா, கொன்னது நாந்தான். அது எந்திரிச்சு வந்துது அதும் புள்ளைக்காக. எனக்காக வரல" என்றாள் வெள்ளைத்தாய்.

நீதிபதி இரண்டையும் தீர்ப்பில் எழுதினார். யானை அன்று காலை இறந்தது, இப்போதும் தன் குட்டியோடு இருக்கிறது. அவளுக்கும் பால்ச்சாமிக்கும் மூன்று வருடம் கொடுத்தார். அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொன்னதற்கு அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.